அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு கேள்வி

ரீப்ரிண்ட் கார்டு என்று ஒன்று இருந்தது. எண்பதுகளில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்து அரைமணி நேரம் பேசுவார்கள். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே, இன்ன இதழில் இன்ன பக்கத்தில் வெளிவந்த தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பி உதவினால் நன்றியுடையவனாவேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, பெயருக்கும் இதழுக்கும் பக்கத்துக்கும் கோடு விட்டிருப்பார்கள். கோடுகளை நிரப்பி, நம் முகவரியை எழுதி, விமானத் தபாலுக்குரிய தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோக முயன்றால், மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் ஹாலந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு பழுப்பு உறை சென்னைப் புறநகரில் குரோம்பேட்டையை அடுத்த எங்கள் அஸ்தினாபுரத்துக்கு வந்து சேரும். உள்ளே வழவழப்பான தாளில் அச்சான கட்டுரை, அதன் தலைப்புக்கு மேலே பேனாவால் 'வாழ்த்துகளுடன்' என்ற பொருளில் இரண்டு சொல்லும் ஒரு கையெழுத்தும். அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்க்காத இளம் விரிவுரையாளர் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

யாருக்கு எழுதுவது என்று தெரிந்துகொள்வதே ஒரு பயணம். பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம் 'கரன்ட் கான்டென்ட்ஸ்' என்ற சிறு இதழை வாராவாரம் வெளியிட்டது. உலக ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை அப்படியே சேர்த்து அச்சிட்டு, கட்டுரையாளர்களின் முகவரிகளைக் கடைசியில் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகச் சனிக்கிழமைகளில் குரோம்பேட்டையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் போய் உட்கார்ந்தால், நமக்கு முன்பே இரண்டு பேர் அதற்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கும்போது பேச்சு வரும். நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள், மண்புழுவா, நானும் ஒருகாலத்தில் மண்புழுதான், உங்களுக்கு வேண்டிய புத்தகம் சாந்தோமில் விலங்கியல் ஆய்வுத்துறை அலுவலகத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். அந்த வரிசையில் நின்றபடி கிடைத்த நட்புகளில் சில இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் தினமும் எனக்குக் காலை வணக்கம் சொல்கின்றன.

என் பொருள் தட்டான். விலங்கியல் படித்தவனுக்குப் புலியும் யானையும் இருக்கத் தட்டான்பூச்சி ஏன் என்று உறவினர் கேட்டதுண்டு. அன்றைய அஸ்தினாபுரத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ராஜேந்திர பிரசாத் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் தெருவென்று பெயரெழுதிய கற்களும் இடையிடையே வீடுகளும் மீதியெல்லாம் புல்லும் தண்ணீருமாக இருக்கும். இந்தப் பக்கம் நெமிலிச்சேரி ஏரி, அந்தப் பக்கம் செம்பாக்கம் ஏரி, கொஞ்சம் நடந்தால் சிட்லபாக்கம் ஏரி, சைக்கிளை மிதித்தால் நன்மங்கலம் காடு. ஐப்பசி பிறந்ததும், மழைக்கு முந்தைய அந்தப் புழுக்கமான மாலைகளில், காலி மனைகளுக்கு மேலே மஞ்சள்நிறத் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பாட்டி சொல்வாள். மொட்டைமாடியில் காயும் வடகத்தை அவள் அள்ளத் தொடங்குவாள், நான் மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன். இவை எங்கிருந்து வருகின்றன, மழை முடிந்தபின் எங்கே போகின்றன என்ற கேள்வி எனக்குள் புகுந்தது அங்கேதான்.

கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்தது ஒரு நூல். எஃப். சி. ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர், மருத்துவம் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தென்னிந்தியக் காடுகளிலும் ஓடைகளிலும் தட்டான் பிடித்து, 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக எழுதி வைத்த பெருநூல். வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க முதுகுத் தையல் தாங்காது. எனவே இனங்களைப் பிரித்தறியும் அட்டவணைகளை நீளநோட்டில் கையால் எழுதிக்கொண்டு வந்து, இரவில் கைலென்ஸை வைத்துக்கொண்டு முன்சிறகின் குறுக்கு நரம்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். கரண்ட் போய்விட்டால் அரிக்கேன் விளக்கில் எண்ணல் தொடரும். இன்று அந்த மூன்று தொகுதிகளும் இணைய ஆவணக் காப்பகத்தில் யாருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. குரோம்பேட்டை சிக்னலில் பஸ் நிற்கும் நேரத்தில் கைப்பேசியில் திறந்து, வேண்டிய பக்கத்தைத் தேடி எடுத்துவிடலாம். எனக்கு அதில் பெருமகிழ்ச்சி. ஆனால் கையால் எழுதிய அட்டவணை இன்னமும் மனப்பாடமாக இருக்கிறது, கைப்பேசியில் பார்த்தது பஸ் நகர்ந்ததும் போய்விடுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கார்டுகள் கடிதங்களாக வளர்ந்தன. கட்டுரை அனுப்பியவருக்கு நன்றி எழுதும்போது ஒரு சந்தேகத்தையும் சேர்த்து எழுதலாமே என்று தோன்றும். ஏரோகிராமில் இடம் குறைவு, ஒட்டும் மடிப்பையும் சேர்த்தால் ஒன்றரைப் பக்கம்தான். அதற்குள் நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன பார்த்தேன், என்ன புரியவில்லை என்று நான்கையும் அடக்க வேண்டும். பதில் வர எப்படியும் வாரக்கணக்காகும் என்பதால் அரைகுறைக் கேள்வியை அனுப்ப மனம் வராது. முதலில் ரஃப் நோட்டில் எழுதி, அடித்து, துறையில் ஆங்கிலம் நன்றாக எழுதும் மூத்த ஆசிரியரிடம் காட்டி, அவர் திருத்தியதைத் திரும்ப எழுதும்போது, பாதிக் கேள்விகளுக்கு விடை நமக்கே தெரிந்துபோயிருக்கும். மீதிப் பாதி, ஜாடியில் கிடந்த மாங்காய்போல நன்றாக ஊறி, அனுப்பத் தகுதியானதாகிவிடும். பதில் தபாலுக்கான செலவை எதிராளி மேல் சுமத்தக்கூடாது என்று தபால் ஆபீசில் கேட்டு வாங்கிய சர்வதேசப் பதில் கூப்பனையும் சிலர் வைத்து அனுப்புவார்கள். முகம் தெரியாத ஒருவரின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று அந்தச் சின்னக் காகிதம் சொல்லியது.

கடிதம் என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து 1913 ஜனவரி 16 என்று தேதியிட்டுப் போன அந்தக் கடிதம்தான். ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பட்டப்படிப்பு இல்லை என்பதையும் மறைக்காமல், ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அதே ஊரின் வேறு கணித அறிஞர்களுக்கும் எழுதிப் பார்த்திருந்தார், அவர்கள் கைகொடுக்கவில்லை. ஹார்டிக்கு எழுதியதன் வலிமை, கடிதத்தோடு வைத்த தேற்றங்களில் இருந்தது. ஹார்டி அண்மையில் எழுதிய ஒன்றை வாசித்து, அதில் விடை இல்லை என்று சொல்லப்பட்ட இடத்துக்குத் தன்னிடம் விடை இருக்கிறது என்று தொடங்கி, பக்கம் பக்கமாகத் தன் வேலையைக் காட்டியிருந்தார். பிப்ரவரி 8 என்று தேதியிட்டு ஹார்டி பதில் எழுதிவிட்டார். சரியான ஆளைத் தேடியது, அவர் எழுதியதை வாசித்தது, தன் வேலையைக் காட்டியது என்று அந்தக் கடிதத்தில் இருந்த மூன்றையும் இன்றைக்கு லிங்க்ட்இன்னில் செய்தி அனுப்பும் மாணவருக்கும் நான் அப்படியே சொல்வேன். ஒரு நூற்றாண்டில் தபால் வேகம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

தபால் வேகம் மாறிய கதையும் எங்கள் தெருக்களில் நடந்ததுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. அது அஸ்தினாபுரத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. பிறகு ஒருநாள், எஸ்.டி.டி. பூத் இருந்த இடங்களிலெல்லாம் ப்ளைவுட் தடுப்புகளோடு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கணக்குக் கட்டணம். மோடம் கீச்சிட்டு, இரைந்து, இணைப்பு கிடைத்து, முதல் மின்னஞ்சலை ஹாலந்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் போய்ப் பார்த்தால் பதில் இருக்கிறது! மறுநாளே! நான் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்து, தெருவில் பார்த்தவரிடமெல்லாம் காட்டினேன். பழுப்பு உறைகள் அதோடு குறையத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பையன், "என்ன அங்கிள், ஃபாரின் ஸ்டாம்ப் வரவே மாட்டேங்குது?" என்று சில மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, தன் ஆல்பத்தை மூடிவைத்தான். அவன் இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறான். அந்த ஊர் வில்லை ஒட்டிய உறை எனக்கு அவனிடமிருந்து இதுவரை வரவில்லை, வீடியோ கால் மட்டும் ஞாயிறுதோறும் வருகிறது.

பிறகு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 2003-இல் லிங்க்ட்இன், 2004-இல் ஃபேஸ்புக், 2008-இல் ஆய்வாளர்களுக்கான ரிசர்ச்கேட்டும் அகாடமியாவும், பார்த்த உயிரினங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட்டும், 2012-இல் ஆய்வாளருக்கு ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண். இவற்றில் என் வாழ்க்கையை மாற்றியவை தட்டான்காரர்கள் கூடும் இடங்கள்தாம். 'டிராகன்ஃப்ளை சவுத் ஏசியா' என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு. ஒடோனேட்டா ஆஃப் இந்தியா என்ற தளத்தில் இனம் இனமாகப் படங்களும் பரவலும். இந்தியாவில் 500 வகையை ஒட்டித் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் உண்டு என்றால், அவற்றைப் பார்க்கிறவர்களில் வங்கி ஊழியர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, படித்துக்கொண்டிருக்கும் பெண் என்று எத்தனை வகை! ஃப்ரேசருக்கு மருத்துவம் தொழில், தட்டான் நேசம். அந்த மரபில் வந்தவர்கள் இன்றைக்கு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். நரம்பு எண்ணி இரண்டு நாள் விழித்திருந்து நான் பெயர் கண்டுபிடித்த பூச்சிக்கு, அங்கே படம் போட்டு டீ ஆறுவதற்குள் பெயர் சொல்லிவிடுகிறார்கள். சொல்வதோடு நிற்பதில்லை. வால்முனை உறுப்பு தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் இருக்கிறதா, மேலிருந்து ஒன்று எடுத்தீர்களா, தண்ணீர் ஓடுகிறதா தேங்கியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். நல்ல ஆசிரியர் கேட்கும் கேள்விகள் அவை.

என் பழைய கேள்விக்கு விடை வந்ததும் இந்த வழியில்தான். மாலத்தீவில் வாழ்ந்த கடலுயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் ஒரு விந்தையைக் கவனித்தார். ஆற்றுநீரோ குளத்துநீரோ ஏறக்குறைய இல்லாத அந்தப் பவளத் தீவுகளுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் தட்டான்கள் பெருங்கூட்டமாக வருகின்றன. முட்டையிட நன்னீர் தேவைப்படும் பூச்சிக்கு அங்கே என்ன வேலை? வரும் தேதிகளை ஆண்டுதோறும் குறித்து, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அவை தோன்றும் காலங்களோடு ஒப்பிட்டு, 2009-இல் அவர் எழுதினார்: பந்தாலா ஃப்ளாவெசென்ஸ் என்ற அந்தச் சின்னஞ்சிறு தட்டான், வடகீழ்க் காற்றில் ஏறி இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது, பிறகு அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மழையைத் தொடர்ந்தபடி திரும்புகின்றன, நான்கு தலைமுறைகளில் முடியும் அந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். 2012-இல் அவரும் பிறரும் மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் சிறகிலிருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்து, அவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று காட்டினார்கள். பாட்டி வடகம் அள்ளிய மாலையில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே மிதந்தவை இந்த வகைதான். ஆண்டர்சனின் கட்டுரை எனக்குக் கிடைத்தது ரீப்ரிண்ட் கார்டில் அல்ல. யாரோ ஒருவர் குழுவில் பகிர்ந்தார், திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன், எழுந்து போய் என் பழைய நோட்டுகளை எடுத்து, அக்டோபர் பக்கங்களைப் புரட்டினேன். தேதிகள் இருந்தன. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவற்றை ஒவ்வொன்றாக ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்றுவதில் பயன் உண்டா என்று கேட்பவருக்கு ஒரு பாம்பின் கதை. 2020 ஊரடங்கில் இமாச்சலப் பிரதேசத்துச் சம்பா மாவட்டத்தில், வீட்டுக்குத் திரும்பியிருந்த வீரேந்தர் பரத்வாஜ் என்ற மாணவர், தம் வீட்டுப் பக்கத்தில் கண்ட ஒரு பாம்பைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். பெங்களூரில் இருந்த ஊர்வன ஆய்வாளர் ஜீஷன் மிர்சா அதைப் பார்த்தார், ஏற்கெனவே தெரிந்த வகைபோல இருந்தும் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று கண்டார், எழுதினார். இருவரும் சேர்ந்து ஆராய, 2021 டிசம்பரில் ஓலிகோடான் சுராஹென்சிஸ் என்ற புது இனமாக அது அறிவிக்கப்பட்டது. படம் போட்ட மாணவரும் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அந்தக் கடைசிச் செய்திதான். எங்கள் காலத்தில் மாதிரியை அனுப்பிய சிற்றூர் ஆசிரியரின் பெயர், கட்டுரையின் இறுதியில் நன்றி சொல்லும் பத்தியில் ஓர் ஓரமாக வந்தாலே கொண்டாட்டம்.

இங்கேயே இன்னொரு சான்றும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரம்வாசிகள் யாருக்கும் மறக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்பட்ட பிரதீப் ஜானின் ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வானிலைத் துறை அலுவலர் இல்லை, ஆர்வத்தால் கற்றவர். ஆண்டுக்கணக்காக மழைப் புள்ளிவிவரங்களைச் சேர்த்து, தன்னைப்போன்ற ஆர்வலர்களோடு பேசிப் பேசித் தெளிந்தவர். சமூக ஊடகத்தில் ஒருவர் அறிவால் மதிப்புப் பெறுவது எப்படி என்று மாணவர்கள் கேட்டால், தினமும் ஒரே பொருளைப் பற்றி, எளிய மொழியிலும், ஆதாரத்தோடும் எழுதுகிறவரைப் பாருங்கள் என்று அவரைக் காட்டுவேன்.

பழைய சுகங்கள் போனது போனதுதான். நூலக வரிசையில் நின்ற பேச்சு போயிற்று. பதில் வருமா வராதா என்று காத்திருந்த இனிய வேதனை போயிற்று. வந்த கடிதத்தில் எதிராளியின் மேசைப் புகையிலை மணத்தை முகர்ந்தது போயிற்று. கார்டின் பேரப்பிள்ளை ஒன்று ரிசர்ச்கேட்டில் இருக்கிறது. முழுக் கட்டுரையைக் கேட்கும் பொத்தான். அழுத்தினால் அச்சடித்த அதே பணிவு வாக்கியம் தானாகவே போய்விடுகிறது, கோடு நிரப்பும் வேலைகூட இல்லை. வசதிதான். என்றாலும் எனக்கு அப்படி வரும் வேண்டுகோள்களில், "உங்கள் படத்தில் இரண்டாவது சிறகைப் பற்றிக் கேட்க வேண்டும்" என்று ஒரு வரி கூடுதலாக எழுதியவருக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். கேரளத்திலிருந்து அப்படி ஒரு வரி எழுதிய இளைஞரோடு இப்போது ஒரு சிறு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், இருவரும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

இளையவர்கள் இதில் பட்டுக்கொள்ளும் துயரமும் எனக்குத் தெரியும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை விருப்பம் விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் ஆய்வு நேரம் கரைகிறது. பணம் கட்டினால் நாளைக்கே வெளியிடுகிறோம் என்று அழைக்கும் போலி ஆய்விதழ்கள் உள்பெட்டியை நிறைக்கின்றன. ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படத்தை இன்னொருவர் பெயர் போடாமல் எடுத்துக்கொள்கிறார். சகபாடியின் விருதுச் செய்திக்குக் கீழே, கருவியே எழுதிக்கொடுத்த ஒரே வாழ்த்து ஐம்பது முறை வருகிறது. நம்மூர்க்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் நம் பெயருமாக எழுதுகிறோம், ஆர். ராஜேந்திரன் என்று தமிழ்நாட்டில் எத்தனை ஆய்வாளர்களோ, தேடுபொறி அவர்கள் எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது, அல்லது ஒரே ஆளை மூன்றாக உடைத்துவிடுகிறது. மாணவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, முதல் கட்டுரை வரும் முன்பே ஆர்கிட் எண் வாங்கிக்கொள்ளுங்கள், பெயரை ஒரே விதமாக எழுதுங்கள், அந்த எண்ணை எல்லா இடத்திலும் போடுங்கள். பத்து நிமிட வேலை, காசு கிடையாது.

போன ஐப்பசியில் அடுத்த தெருவில் இருந்து, இளங்கலை படிக்கும் பெண் ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். "சார், எங்க வீட்டு சம்ப் பக்கத்துச் சுவர்ல உட்கார்ந்திருந்துச்சு. இது என்ன சார்?"

சிமென்டுச் சுவரோடு சுவராகக் கரைந்துபோன சாம்பல் புள்ளித் தட்டான். பிராடினோபைகா ஜெமினாட்டா. பாறைக் குழிகளில் வாழ்ந்தது, நாம் கட்டிய தொட்டிகளையும் பாறையாகவே ஏற்றுக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். "எப்போ எடுத்தேம்மா? தொட்டி மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா? இன்னொரு தடவை போய்ப் பாரு, பார்த்ததை எல்லாம் எழுதி நீயே குழுவுல கேளு" என்றேன்.

"என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் பதில் சொல்வாங்களா சார்?"

சொன்னார்கள். அன்றிரவே. தொட்டியில் குஞ்சுப் பருவப் பூச்சிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி, கொசுப்புழுவை அவை தின்னும் என்றும் எழுதியிருந்தார்கள். அவள் இப்போது தன் தெருவின் தொட்டிகளைக் கணக்கெடுக்கிறாள். எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலையும் மிதிக்காத ஒரு மாணவி, தன் வீட்டுச் சுவரைப் பற்றி உலகத்தோடு பேசுகிறாள் என்பதைப் பார்க்க நான் இவ்வளவு காலம் இருந்தேனே என்று மனம் நிறைகிறது. அவளிடம் பழுப்பு உறை ஒன்றைக் காட்டினேன். "இதுக்கு ரெண்டு மாசமா சார்?" என்று கேட்டுவிட்டு, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். அந்தச் சுகம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அஸ்தினாபுரம் பல்லாவரம் நகராட்சியிலிருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்கு வந்தாயிற்று. காலி மனைகள் அடுக்குமாடிகளாயின. சிட்லபாக்கம் ஏரிக்காகக் குடியிருப்போர் சமூக ஊடகத்தில் விடாமல் எழுதி, ஒன்றுகூடி, அரசின் கவனத்தைத் திருப்பினார்கள். செம்பாக்கம் ஏரியில் கழிவுநீர் கலந்ததை அறிவியலாளரும் தொண்டு நிறுவனத்தாரும் சேர்ந்து சீர்செய்ய முனைந்தார்கள். இந்த நீர்நிலைகளில் எந்தத் தட்டான் இருக்கிறது என்பதே தண்ணீரின் நலத்தைச் சொல்லும். சாக்கடை கலந்த நீரில் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா என்ற செம்பழுப்பு வகை பெருகி நிற்கும், நீர் தெளியத் தெளிய மற்ற வகைகள் திரும்ப வரும். அந்த மாற்றத்தைக் கண்டறிய ஆண்டுக்கணக்கான பதிவு வேண்டும், நிறையக் கண்கள் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஐப்பசியில், மழைக்கு முந்தைய மாலையில், உங்கள் தெருவுக்கு மேலே தட்டான்கள் கூட்டமாக மிதந்தால் ஒரு படம் எடுங்கள். உட்கார்ந்தது கிடைத்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நாளையும் இடத்தையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் வெறும் தட்டான் என்று போடுங்கள், மீதியைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நான் உட்படப் பலரும் அங்கே இருக்கிறோம்.